கோல் போட்டவங்க பேர் எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருவங்காட்டுல இருந்து எழுதுறேன். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்ததுல இருந்து எங்க வீட்டுல உங்க பேப்பர் தான். வீட்டுக்காரர் ராசிபலன்ல ஆரம்பிப்பார், நான் கடைசிப் பக்கத்துல இருந்து, அதாவது ஸ்போர்ட்ஸ் பக்கத்துல இருந்து. போன ஞாயித்துக்கிழமை பெண்கள் கால்பந்து பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, கலர் போட்டோவோட, சந்தோஷம். ஆனா பெண்கள் கால்பந்து 1991ல சீனாவுல பிறந்த மாதிரி ஆரம்பிச்சு, நம்ம ஊர்ப் பொண்ணுங்க இப்பத்தான் மைதானத்துல காலே வச்ச மாதிரி முடிச்சிருந்தாங்க. அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா தான் போகும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல, பேர் வர்ற இடத்தை மட்டும் வெட்டாதீங்க.

1991ல நடந்தது ஃபிஃபா நடத்தின முதல் பெண்கள் உலகக்கோப்பை, அவ்வளவு தான். அதுலயும் பொண்ணுங்களுக்கு 90 நிமிஷம் தாங்காதுன்னு நினைச்சாங்களோ என்னமோ, 80 நிமிஷம் தான் ஆட விட்டாங்க. ஆனா அதுக்கு 20 வருஷம் முன்னாடியே, 1971ல, மெக்சிகோவுல ஃபிஃபா அங்கீகாரமே இல்லாம ஒரு உலகக்கோப்பை நடந்திருக்கு. முந்தின வருஷம் பீலே டீம் கப்பு தூக்கின அதே அஸ்டெகா ஸ்டேடியம், ஃபைனலுக்கு ஒரு லட்சத்து பத்தாயிரம் பேர் கிட்ட கூட்டம், டென்மார்க் 3 மெக்சிகோ 0, அந்த மூணு கோலையும் போட்டது சுசான் அகஸ்டெசன்னு ஒரு 15 வயசுப் பொண்ணு. இவ்வளவு பெரிய கூட்டம் பார்த்த ஒரு மேட்சை ரொம்ப வருஷத்துக்கு யாரும் பேசவே இல்லைன்னா அது தானா மறந்து போனதா இருக்க முடியுமா சார்?

அந்த மெக்சிகோ போட்டிக்கு அர்ஜென்டினாவுல இருந்து ஒரு டீம் போச்சு, கோச் கிடையாது, டாக்டர் கிடையாது, சரியான பூட்ஸ் கூட கிடையாது. அந்த டீம் ஆகஸ்ட் 21ம் தேதி இங்கிலாந்தை 4-1ல அடிச்சது, நாலு கோலும் எல்பா செல்வா. ஊருக்குத் திரும்பினப்போ யாரும் கண்டுக்கல. பல வருஷம் கழிச்சு அவங்களே ஒருத்தரை ஒருத்தர் தேடிப்பிடிச்சு, பழைய போட்டோவை எல்லாம் வெளிய எடுத்து, நாங்க விளையாடினோம்னு உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க. இப்போ அங்க ஆகஸ்ட் 21ஐ கால்பந்து ஆடுற பெண்களோட நாளா கொண்டாடுறாங்க. தோத்த இங்கிலாந்து டீம்ல 13 வயசுப் பொண்ணு ஒருத்தி இருந்தா, அந்த டீம் ஊருக்கு வந்ததும் கிடைச்சது மாலை இல்ல, விளையாடத் தடை.

இங்கிலாந்துன்னு சொன்னதும் எங்க ஊர் ஞாபகம் தான் வருது, காரணம் இருக்கு. எங்க ஊரே கார்டைட்ங்கற வெடிமருந்து செய்யற பாக்டரியால உண்டான ஊர், 1900க்கு அப்புறம் வெள்ளைக்காரன் கட்டினது, சங்கு ஊதினா சோறு வடிக்கிற குடும்பங்க நாங்க. முதல் உலகப்போர் சமயத்துல ஸ்காட்லாந்து எல்லையில கிரெட்னான்னு ஒரு இடத்துல இதே கார்டைட் செய்ய பிரம்மாண்டமா ஒரு பாக்டரி போட்டாங்க, ஆம்பளைங்க எல்லாம் போர்முனைக்குப் போயிட்டதால அங்க வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலும் இளம் பொண்ணுங்க. கன்காட்டனையும் நைட்ரோகிளிசரினையும் தொட்டியில போட்டு கையால பிசையணும், அதுக்கு பிசாசுக் கூழ்னே பேர் வந்துச்சு. வேற வெடிமருந்து பாக்டரிகள்ல டிஎன்டி பட்டு பட்டு பொண்ணுங்களுக்கு தோலே மஞ்சளாயிடும். இப்படி வேலை பார்த்த பொண்ணுங்க தான் சார் சாப்பாட்டு இடைவேளையில பாக்டரி முற்றத்துல பந்தை உதைக்க ஆரம்பிச்சது, அப்புறம் பாக்டரிக்கு பாக்டரி டீம், டீமுக்கு டீம் மேட்ச், வசூல் எல்லாம் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும்.

அதுல பெரிய டீம் இங்கிலாந்துல பிரெஸ்டன் ஊர்ல இருந்த டிக் கெர் கம்பெனி டீம். 1917 கிறிஸ்துமஸ் அன்னைக்கு அவங்க டீப்டேல் கிரவுண்டுல ஆடினப்போ 10,000 பேர் வந்தாங்க. 1920 டிசம்பர் 26, லிவர்பூல் குடிசன் பார்க்ல செயின்ட் ஹெலன்ஸ் டீமோட மேட்ச், உள்ள மட்டும் 53,000 பேர், டிக்கெட் கிடைக்காம வெளிய நின்னவங்க தனி, அந்த ஒரு மேட்ச்ல 3,000 பவுண்டுக்கு மேல வசூல். லில்லி பார்னு ஒரு ஆட்டக்காரி, 14 வயசுல ஆட வந்தவ, இடது கால்ல அவ அடிச்சா கோல்கீப்பர் கை வைக்கவே பயப்படுவாங்களாம். கூட்டம் அப்படி வந்துச்சு. வந்ததே தான் பிரச்சனையாவும் போச்சு.

1921 டிசம்பர் 5ம் தேதி இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஒரு தீர்மானம் போட்டுச்சு. கால்பந்து பெண்களுக்கு சுத்தமா ஒத்துவராது, ஊக்கப்படுத்தக் கூடாதுன்னு முதல்ல. வசூல் பணத்துல செலவுக் கணக்கு ஜாஸ்தி, தர்மத்துக்குப் போறது கம்மின்னு அடுத்தது. அந்த வருஷம் நிலக்கரிச் சுரங்கம் மூடினப்போ தொழிலாளர் குடும்பங்களுக்கும் பொண்ணுங்க மேட்ச் ஆடி காசு சேர்த்துக் குடுத்தாங்க, பெரிய மனுஷங்களுக்கு அது தான் உறுத்துச்சுன்னு எழுதுறவங்க இருக்காங்க, எனக்கும் அப்படித்தான் படுது. ஆனா தீர்மானத்தோட கடைசி வரி தான் சூட்சுமம். நீங்க விளையாடாதீங்கன்னு பொண்ணுங்களைப் பார்த்து நேரா சொல்லல. சங்கத்துல இருக்க கிளப்புங்க யாரும் இவங்களுக்கு கிரவுண்டு குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவு தான், சோலி முடிஞ்சுது. பூங்காவுலயும் ரக்பி கிரவுண்டுலயும் ஆடி ஆடி டிக் கெர் டீம் 1965 வரைக்கும் தாக்குப் பிடிச்சதே பெரிசு. தடையை எடுக்க 1970 ஆயிடுச்சு, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. பிரேசில்ல 1941ல இருந்து 1979 வரைக்கும் சட்டமே போட்டுத் தடுத்தாங்க, மேற்கு ஜெர்மனியில 1955ல இருந்து 1970 வரைக்கும் சங்கம் தடுத்துச்சு. எல்லா ஊர்லயும் ஒரே பாட்டு தான்.

கிரவுண்டைப் பிடுங்கினா ஆட்டம் போயிடும்ங்கறது மலைக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். கீழ கோயமுத்தூர்ப் பக்கம் போனா எங்கயாவது ஒரு பொட்டல் கிடக்கும், நாலு செங்கல்லை நட்டா கோல் போஸ்ட் ஆச்சு. இங்க சமதரைங்கறதே யாராவது மேட்டை வெட்டிப் பள்ளத்துல கொட்டினா தான் உண்டு. பந்து ஒரு தடவை வெளிய போச்சுன்னா தேயிலைக்குள்ள உருண்டு கீழ் லயன் வரைக்கும் போயிடும், எடுத்துட்டு மேல வர்றதுக்குள்ள பனி இறங்கி எதிர் கோல் போஸ்ட் தெரியாது. அதனால பட்டாளத்து கிரவுண்டு, பாக்டரி கிரவுண்டு, கான்வென்ட் கிரவுண்டு, எஸ்டேட் கிரவுண்டுன்னு சாவி யார் கிட்டயோ ஆட்டம் அவங்களுது. பந்துப் பைத்தியத்துக்கு நீலகிரியில குறைச்சல் இல்ல, கோத்தகிரி காந்தி மைதானத்துல மேட்ச்னா சுத்துப்பட்டு ஹட்டிங்க, அதான் படுகர் ஊருங்க, எல்லாம் வந்து நிக்கும், கூடலூர்ப் பக்கம் செவன்ஸ்னா, அதான் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற பந்து, சோறு தண்ணி வேண்டாம். ஆனா சாயங்காலம் 4 மணிக்கு மேல அந்த கிரவுண்டுங்க எல்லாம் யாருக்கு? எஸ்டேட் ஸ்போர்ட்ஸ் டே வந்தா ஆம்பளைங்களுக்கு பந்து, பொம்பளைங்களுக்கு லெமன் ஸ்பூனும் மியூசிக்கல் சேரும். காலையில இருந்து கூடையை முதுகுல மாட்டிட்டு செங்குத்தான சரிவுல ஏறி இறங்குற பொம்பளைங்களுக்கு ஸ்பூன்ல எலுமிச்சம்பழம் வச்சு நடக்கப் போட்டி! யாருக்கு கால்ல பலம்னு தேயிலைக் காட்டுக்கு வந்து பாருங்க சார்.

அப்படியும் விளையாடினாங்க. அது தான் நான் சொல்ல வந்தது.

எங்க லயன்ல மேல் வீட்டு அக்கா ஒருத்தங்க, அறுபதைத் தாண்டியாச்சு, பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுச் சுவத்துல ஒரு போட்டோ மாட்டியிருக்கு, 1978, 79 வாக்குல எடுத்தது. கருப்பு வெள்ளை, இப்போ பழுப்பேறி ஒரு ஓரம் கண்ணாடியோட ஒட்டிப் போச்சு. பதினோரு பொண்ணுங்க நிக்கிறாங்க. அண்ணன் தம்பிங்க கிட்ட வாங்கின ஜெர்ஸி, தோள்பட்டை முழங்கை வரைக்கும் இறங்கியிருக்கு, முட்டிக்குக் கீழ தொங்குற அரை டவுசர், எல்லாருக்கும் ரெட்டை ஜடை மடிச்சு ரிப்பன். நாலு பேர் கேன்வாஸ் ஷூ, மீதிப் பேர் வெறுங்கால். நடுவுல ஒரு பொண்ணு கையில பந்து, லேஸ் போட்டுக் கட்டின பழைய தோல் பந்து, மழையில நனைஞ்சா கல்லு தான். அந்த லேஸ் முடிச்சு பட்டு அக்காவுக்கு நெத்தியில வெட்டு விழுந்துச்சு, தழும்பு இன்னும் இருக்கு, பொட்டு வைக்கிறப்போ விரல் தானா அங்க போகும். என்ன பொசிஷன்க்கா ஆடினீங்கன்னு கேட்டதுக்கு யோசிக்கவே இல்ல, ஸ்டாப்பர்னு பட்டுனு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம், யார் சென்டர் ஃபார்வர்டு, யார் லெப்ட் அவுட், பெனால்டி வந்தா யார் அடிப்பா, கான்வென்ட் டீமோட ஆடினப்போ மழையில ரெஃப்ரி பாதியில கிளம்பிப் போனதுன்னு ஒண்ணு விடாம சொன்னாங்க. எதிர்ல உக்காந்திருந்த அவங்க பையன், அவனுக்கே நாப்பது வயசு, நீ விளையாடினியாம்மான்னு கேக்குறான்! சுவத்துல தொங்குற போட்டோவை அவன் ஏதோ ஸ்கூல் குரூப் போட்டோன்னு நினைச்சிருக்கான்.

ஏன் நினைக்க மாட்டான்? போட்டோவுக்குக் கீழ அட்டையில டைப் அடிச்சு ஒட்டியிருக்கு. உக்காந்திருக்கறவங்க: தலைமை விருந்தினர் பேரு பதவியோட, ஹெட்மாஸ்டர் பேரு படிப்போட, பி.டி. மாஸ்டர் பேரு, நன்கொடை குடுத்த கடைக்காரர் பேரு. நிக்கிறவங்க: மாணவிகள். பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. அக்கா கிட்ட சர்டிபிகேட்டும் இருக்கு, பசங்களுக்குன்னு அச்சடிச்ச சர்டிபிகேட், 'மாஸ்டர்'னு பிரிண்ட் ஆனதை யாரோ இங்க் பேனாவால அடிச்சுட்டு மேல 'செல்வி'ன்னு எழுதியிருக்காங்க.

எங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர் சேர்ந்து இப்படி போட்டோ இருக்க வீடா விசாரிக்க ஆரம்பிச்சோம். பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்ல, கடைக்குப் போறப்போ, கோயில் விசேஷத்துல, பஸ் ஸ்டாப்புல பேச்சுக் குடுக்குறது தான். அதுல புரிஞ்ச விஷயம், பழைய ஆம்பளை ஆட்டக்காரரைக் கண்டுபிடிக்கிறது சுலபம், அதே ஊர், அதே வீடு, அதே பேரு. பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆனதும் இனிஷியல் மாறிடுது, ஊர் மாறிடுது. அப்பா இனிஷியலோட சர்டிபிகேட்ல இருக்கறவங்க ரேஷன் கார்டுல வீட்டுக்காரர் இனிஷியலோட திருப்பூர்லயோ பெங்களூர்லயோ இருப்பாங்க. படுகர் வீட்டுப் பொண்ணுங்க வேற ஹட்டிக்குக் கட்டிக் குடுத்துப் போயிருப்பாங்க. சாஸ்திரி சிரிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து கப்பலேறி வந்து இங்க தேயிலையில குடியேறின குடும்பங்க நிறைய, அவங்க கிட்ட ஆல்பம் கேட்டா மண்டபம் முகாமோட எல்லாம் போச்சும்மாங்கறாங்க. அதோட இன்னொண்ணு, சில பேர் விளையாடினதைப் புகுந்த வீட்டுல சொன்னதே இல்ல. டவுசர் போட்டு ஆடினேன்னு தெரிஞ்சா என்ன சொல்வாங்களோன்னு அந்தக் காலத்துல பயந்து மூடினது, அப்படியே மூடியே கிடக்கு. அவங்க வேண்டாம்னா விட்டுடணும், வற்புறுத்தக் கூடாது, அதுல நாங்க தெளிவா இருக்கோம்.

மலையை விட்டு இறங்கினாலும் இதே கதை தான். கூடலூர்ல இருந்து நாடுகாணி இறங்கினா வழிக்கடவு, நிலம்பூர், அப்படியே கோழிக்கோடு. 1979ம் வருஷத்து ஆசிய பெண்கள் சாம்பியன்ஷிப் அங்க தான் நடந்துச்சு, 1980 ஜனவரியில. நம்ம நாட்டுல இருந்து ரெண்டு டீம் இறங்கி, ஒரு டீம் ஃபைனல் வரைக்கும் போய் சீன தைபே, அதாவது தைவான் கிட்ட 2-0ல தோத்துச்சு. 1983ல பாங்காக்ல மறுபடியும் ஃபைனல், தாய்லாந்து ஜெயிச்சுட்டாங்க. ரெண்டு தடவை ஆசியாவுல ரெண்டாவது இடம் சார்! நம்ம ஆம்பளை டீம் ஆசியக் கோப்பையில ரெண்டாவது இடம் வந்தது 1964ல ஒரே தடவை. அந்த 1983ல தான் வங்காளத்து சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினாங்க, கால்பந்துக்காக அதை வாங்கின முதல் பெண். 2025 ஜூலையில தாய்லாந்தை அவங்க ஊர் சியாங் மாயிலயே 2-1ல அடிச்சு நம்ம பொண்ணுங்க ஆசியக் கோப்பைக்குள்ள போனப்போ தகுதிச்சுற்று ஆடி உள்ள போறது இதான் முதல் தடவைன்னு எல்லா பேப்பரும் எழுதுச்சு, சரி தான். ஆனா பாங்காக் கணக்கை 42 வருஷம் கழிச்சு தீர்த்தாங்கன்னு ஒரு வரி எழுத யாருக்கும் தோணலையே.

ஏன் தோணலைன்னா அந்தப் பழைய டீம்களை நடத்துனது வேற அமைப்பு. 1975ல பெண்களுக்குன்னு தனியா ஒரு ஃபெடரேஷன் ஆரம்பிச்சு, அவங்க தான் தேசியப் போட்டியும் நடத்தி வெளிநாட்டுக்கும் டீம் அனுப்பினாங்க. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தைக் கையில எடுத்தது 90கள் ஆரம்பத்துல தான். பொறுப்பு கை மாறுற இடத்துல தான் எப்பவுமே பழைய பைல் காணாம போகும், அரசு ஆபீஸ்ல அலைஞ்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அதான் உங்க கட்டுரை எழுதினவருக்கும் 1991 ஆரம்பமா தெரிஞ்சிருக்கு, அவரைக் குத்தம் சொல்லல.

ஆனா தமிழ்நாட்டு விஷயம் அப்படி விட முடியாது, அது நேத்து நடந்தது. 2018 பிப்ரவரியில கட்டாக்ல மணிப்பூரை 2-1ல ஜெயிச்சு தமிழ்நாடு பெண்கள் டீம் தேசிய சாம்பியன் ஆச்சு, மணிப்பூர்னா அந்தப் போட்டியை வருஷக்கணக்கா யாருக்கும் விட்டுக்குடுக்காத டீம். அடுத்த வருஷம் மதுரை சேது எஃப்சி இந்தியன் விமன்ஸ் லீக் கப்பை வாங்குச்சு. 2023ல அமிர்தசரஸ்ல ஹரியானாவை ஜெயிச்சு மறுபடியும் தேசிய சாம்பியன். கடலூர் இந்துமதி கதிரேசன் பேரு உங்க வாசகர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? போலீஸ் யூனிஃபார்ம் ஒரு பக்கம், இந்திய டீம் ஜெர்ஸி ஒரு பக்கம்னு ஆடினவங்க. ஐபிஎல் ஏலத்துல யாருக்கு எத்தனை கோடின்னு மூணாங்கிளாஸ் பையன் சொல்றான். இந்த மூணு கப்பையும் நான் யார் கிட்ட சொன்னாலும் அப்படியான்னு தான் கேக்குறாங்க, இன்னும் 30 வருஷம் போனா நம்ம பேத்திங்க இவங்களையும் போட்டோ வச்சுக்கிட்டுத் தேட வேண்டியது தான்.

உங்க கிட்ட கேக்குறது பெரிய செலவு ஒண்ணும் இல்ல. முதல்ல உங்க ஆபீஸ்லயே பைண்டு பண்ணின பழைய பேப்பர் இருக்கும்ல, 70கள், 80கள்ல மாவட்டச் செய்திப் பக்கத்துல ஓரமா நாலு வரி வந்திருக்கும், குன்னூர்ல மாணவியர் கால்பந்துன்னு. அதைப் பார்க்க எங்களை மாதிரி ஆளுங்களை ஒரு நாள் உள்ள விடுங்க, டீ கூட வேண்டாம். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை உள்ளங்கை அளவு இடம் குடுங்க, வாசகர் அனுப்புற ஒரு பழைய டீம் போட்டோ, கீழ இவங்க யாருன்னு தெரியுமான்னு ஒரு வரி. தெரிஞ்சவங்க எழுதுவாங்க, அடுத்த வாரம் அந்தப் பேரைப் போடுங்க. பிரெஸ்டன்ல டிக் கெர் பொண்ணுங்களோட கதை திரும்ப வந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான், கெயில் நியூஷம்னு அந்த ஊர்க்காரம்மா ஒருத்தங்க, உசுரோட இருந்த பழைய ஆட்டக்காரங்களைத் தேடிப் போய் பேசிப் பேசியே சேர்த்தாங்க. அதுக்கப்புறம் தான் 2002ல லில்லி பாரை அந்த நாட்டு கால்பந்து மியூசியத்துல பெரிய ஆட்டக்காரங்க வரிசையில சேர்த்தாங்க, முதல் பெண் அவங்க தான், 2019ல சிலையும் வச்சாங்க. அவங்க செத்ததோ 1978ல, பாவம், ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க.

மூணாவது, இன்னைக்கு நடக்குற மேட்சுக்கு. ஸ்கூல் பொண்ணுங்க ஜோனல் போட்டியில ஜெயிச்சா கப்பு குடுக்குறவர் பேரைப் போடுறீங்க, போடுங்க, கூடவே கோல் போட்ட பொண்ணு பேரும் போடுங்க. இடம் இல்லைன்னா சால்வை போட்டவர் பேரை எடுத்துடுங்க, அவருக்கு அடுத்த வாரம் இன்னொரு விழா இருக்கும்.

இதைப் படிக்கிற வாசகர்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன், நம்ம மலை ஈரத்துல போட்டோ சீக்கிரம் பூசணம் பிடிக்கும். கண்ணாடியோட ஒட்டின போட்டோவை உரிக்காதீங்க, முகம் அப்படியே பேந்து வந்துடும், எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல அப்படி ரெண்டு முகம் போச்சு. கண்ணாடியோடவே ஜன்னல் வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சு வச்சு, ஃபிளாஷ் இல்லாம செல்போன்ல எடுங்க. ஃப்ரேம் கழட்ட வந்துச்சுன்னா பின்பக்கத்தையும் எடுங்க, ஸ்டூடியோ சீல், தேதி, சில சமயம் பென்சில்ல பேரு எல்லாம் அங்க தான் இருக்கும். வீட்டுல பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது விளையாடினவங்கன்னா போட்டோவைக் கையில குடுத்து இடது பக்கத்துல இருந்து ஒவ்வொருத்தர் பேரா சொல்லச் சொல்லி போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. பேரு மறந்தாலும் பட்டப்பேரு வரும், அது போதும், ஊர்ல பட்டப்பேரை வச்சு ஆளைப் பிடிச்சுடலாம்.

நீங்க அந்த இடத்தை ஒதுக்குறதா இருந்தா எங்க கிட்ட இப்பவே போடுற அளவுக்கு போட்டோக்கள் இருக்கு, வீட்டுக்காரங்க சம்மதத்தோட செல்போன்ல எடுத்த காப்பியை அனுப்புறோம், ஒரிஜினலைத் தபால்ல அனுப்பச் சொல்லாதீங்க, தர மாட்டாங்க. அந்த அக்கா போட்டோவுல இதுவரைக்கும் ஏழு பேருக்குப் பேர் தெரிஞ்சிருக்கு. மீதி நாலு பேர்ல ஒருத்தங்க வண்டிச்சோலைப் பக்கம், கோல்கீப்பர், இடது கைப்பழக்கம், அப்பா லாரி ஓட்டினவர்னு மட்டும் தெரியும். முதல் வாரம் அதையே போட்டா நல்லாயிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
அருவங்காடு, நீலகிரி.